கடுப்பு, குடைச்சல், உளைச்சல்

1

என் அம்மாவுக்கு உடம்பு வலி 2014ல் தொடங்கியது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கீழே வருவது வைத்தியச் சரித்திரத்தின் ஒரு சிறு கிளையைப் பற்றிய கட்டுரை. நான் வைத்தியன் அல்ல, வங்கியில் குமாஸ்தா, படித்தது ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. ஒரு பாலித்தீன் பைதான் என்னை இந்தச் சரித்திரத்துக்குள் இழுத்தது. அம்மாவின் எக்ஸ்ரேக்களும் மருந்துச் சீட்டுகளும் அந்தப் பையில் இருக்கின்றன.

எங்கள் ஊர் பனமரத்துப்பட்டி. சேலத்துக்குத் தெற்கே, ஜருகுமலையை ஒட்டியது. சேலத்துக்குக் குடிநீர் தருவதற்காக 1911ல் இங்கு ஒரு பெரிய ஏரி கட்டினார்கள். பின்னாளில் ஏரி வற்றிச் சீமைக் கருவேலம் மண்டிப்போனது. ஊரைச் சுற்றி அரளிக் காடுகள். விடியுமுன் மொக்கு பறித்து சேலத்துப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பவேண்டும். அம்மா பல வருஷம் மொக்கு பறிக்கப் போனவள். இடுப்பு, முட்டி, பிடரி என்று வலி ஆரம்பித்தபோது இதெல்லாம் குனிந்து நிமிர்ந்ததால் வந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் முடிந்தபின் டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு லேசாகத் தேய்ந்திருக்கிறது, இந்த வயதுக்கு அது சகஜம், மற்றபடி உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றார். திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்டாள்: "ஒண்ணுமில்லீனா அப்புறம் நோவறது எது சாமி?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் டாக்டர் சொன்ன "ஒன்றும் இல்லை" என்ற வாக்கியத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பது பிற்பாடு தெரியவந்தது. அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவர்களை ஒன்றாக உட்காரவைத்து, அவர்களுடைய உணர்ச்சிகளைப் பற்றியே பாடம் நடத்திப் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அந்த வகுப்பின் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

2

கதை பாஸ்டன் நகரத்தில், 1905ல், காசநோயில் ஆரம்பமாகிறது. ஜோசப் பிராட் என்ற டாக்டர் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வேலை பார்த்தார். மலைப்பிரதேசச் சானடோரியங்களுக்குப் போக வசதியில்லாத ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒரே அறையில் கூட்டினார். ஓய்வு, நல்ல காற்று, சாப்பாடு இவை பற்றிச் சொல்லிக்கொடுப்பதுதான் நோக்கம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்க நேரம் இல்லை என்ற சிக்கனக் கணக்கும் அதில் இருந்தது. பணம் எம்மானுவேல் சர்ச்சிலிருந்து வந்தது. நோயாளிகள் தினமும் தங்கள் விவரத்தை நோட்டில் எழுதிவந்தார்கள்.

பிராட் எதிர்பாராதது ஒன்று நடந்தது. வெவ்வேறு இனத்தையும் மதத்தையும் சேர்ந்தவர்கள், ஒரே நோய் என்பதாலேயே ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள் ஆனார்கள். எடை கூடியவனைப் பார்த்து மற்றவனுக்கு நம்பிக்கை வந்தது. பாடத்தைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அதிகம் வேலை செய்தான். பிற்காலத்துக் குழுச் சிகிச்சைகளின் வம்சாவளியை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அறையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நமக்கு வேண்டியது அவருடைய இரண்டாவது வகுப்பு. 1930ல், பாஸ்டன் டிஸ்பென்சரி என்ற இலவச வைத்தியசாலையில், உடம்பில் கோளாறு எதுவும் கண்டுபிடிக்கமுடியாத ஆனால் வலியும் அசதியும் தீராத நோயாளிகளுக்காக அவர் இன்னொரு வகுப்பு தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் எண்ணங்களைக் கட்டுப்படுத்தும் வகுப்பு. பழைய நோயாளிகள் தாங்கள் தேறிய விதத்தைச் சொல்வார்கள். தசைகளைத் தளர்த்தும் பயிற்சி நடக்கும். பிறகு சொற்பொழிவு.

அந்தப் பெயரிலேயே அதன் குறையும் தெரிகிறது. உன் எண்ணம் கட்டுக்கடங்காமல் போனதால் உனக்கு வலி என்பது அதன் உட்பொருள். நோயாளி மாணவன், டாக்டர் வாத்தியார், உணர்ச்சி அடக்கப்பட வேண்டிய குறும்புப் பையன். "ஒன்றும் இல்லை" என்று வெளியே அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர்கள் பலர் என்ற அமைப்பு மாறவில்லை. பிராட்டின் முதல் வகுப்பில் நோயாளிகளிடையே தானாக நடந்த விஷயம், இரண்டாவது வகுப்பில் மேடையின் நிழலில் போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

3

நம் நாட்டில் இதன் முன்மாதிரியைத் தேடினால் பஞ்சாபுக்குப் போகவேண்டும். 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் போட்டு நோயாளிகளின் குடும்பங்களைத் தங்கவைத்தார். உறவுக்காரர்களைக் கூட்டிவைத்து, நோய் என்பது என்ன, சாபமோ பாவமோ ஏன் அல்ல என்று அவர்கள் மொழியில் பேசினார். வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957லிருந்து நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குகிற முறையைப் பின்பற்றியது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றால் உயர்ந்த சுவரும் பூட்டிய கதவும் என்றிருந்த காலத்தில் இவை சாதாரணக் காரியங்கள் அல்ல.

ஆனால் இவை ஊரார் கண்ணுக்கு நோயாளி என்று தெரிந்துவிட்டவர்களுக்கானவை. என் அம்மா போன்றவர்கள் அங்கே போய்ச் சேர்வதில்லை. அவர்கள் எலும்பு டாக்டர் வாசலிலும், ஊசி போடுகிற டாக்டர் வாசலிலும் வரிசையில் நிற்பவர்கள். தாங்கள் மனம் சம்பந்தப்பட்ட நோயாளிகள் என்று யாராவது சொன்னால் அவமானப்படுவார்கள். அதில் நியாயமும் உண்டு. அவர்களுக்கு வலிக்கிறது.

இந்த வரிசையைத் தேடிப்போன முயற்சிகள் நம் நாட்டில் மிகப் பிந்தியவை. கோவாவில் விக்ரம் படேலும் அவர் குழுவினரும் 24 வைத்திய நிலையங்களில் நடத்திய பரிசோதனையின் முடிவுகள் 2010ல் வெளிவந்தன. 12 அரசு நிலையங்கள், 12 தனியார் டாக்டர்கள். டாக்டர் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, வலி, அசதி, தூக்கமின்மை என்று வருகிறவர்களிடம் மனத்துக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பை விளக்கச் செய்தார்கள். அரசு நிலையங்களில் பலன் தெரிந்தது, தனியாரிடம் தெரியவில்லை. அங்கே விளக்கம் தனி ஆளுக்குத்தான், கூட்டமாக அல்ல. கர்நாடகத்தில் ராமநகரம் மாவட்டத்தில் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் இன்னும் ஒரு அடி எடுத்துவைத்தார்கள். மனச்சோர்வோடு சர்க்கரையோ ரத்த அழுத்தமோ சேர்ந்திருப்பவர்களை ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே ஆஷா பணியாளர்களைக் கொண்டு குழுவாகக் கூட்டினார்கள். பாஸ்டனின் பெஞ்சு ராமநகரம் வரை வந்துவிட்டது. அங்கிருந்து சேலம் அதிக தூரம் இல்லை.

4

வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்விக்கு வருவோம். இது ஒரு விமர்சகனுக்கும் சம்பந்தப்பட்ட கேள்வி. ஏனென்றால் இது சொற்களைப் பற்றியது.

1970களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநோய் மருத்துவர், உடம்பு வியாதிகளோடு வரும் சிலரிடம் ஒரு விஷயத்தைக் கவனித்து அதற்குக் கிரேக்க மூலங்களிலிருந்து ஒரு பெயர் செய்தார். உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்று அதற்குப் பொருள். இவர்களால் வலியை விவரிக்க முடியும். துக்கமா, கோபமா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதற்கு முன்பே, 1962ல், சில்வன் டாம்கின்ஸ் மனித உணர்ச்சிகளைப் பற்றிய தம் பெரிய நூலின் முதல் பாகத்தை வெளியிட்டிருந்தார். உணர்ச்சிகள் பிறவியிலேயே அமைந்தவை, சிலவே, ஒவ்வொன்றும் முகத்திலும் உடம்பிலும் தன் தடத்தைக் காட்டுகிறது என்பது அவர் கட்சி. இந்தக் கோட்பாட்டை வைத்துத்தான் ஸ்வீடனில் பிற்பாடு உணர்ச்சிப் பள்ளி என்ற பெயரிலேயே வகுப்புகள் தோன்றின. நோயாளிகள் சிறு குழுவாகக் கூடி மகிழ்ச்சி, பயம், கோபம், வெட்கம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அது உடம்பில் எங்கே தெரிகிறது, கடைசியாக எப்போது வந்தது, வந்தபோது என்ன செய்தீர்கள் என்று பேசுவார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் சொல் இல்லாதவர்கள் என்ற முத்திரையை என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அம்மா தன் வலிக்குப் பயன்படுத்தும் சொற்களை நான் ஒருநாள் எழுதிப் பார்த்தேன். கடுப்பு. குடைச்சல். உளைச்சல். எரிச்சல். இறுக்கம். பாரம். நோவு. இவற்றில் எது உடம்புச் சொல், எது மனச் சொல்? கால் கடுக்கிறது, ஒருவன் பேச்சைக் கேட்டாலும் கடுப்பாகிறது. முட்டியில் குடைச்சல், மாமியார் கொடுப்பதும் குடைச்சல். கால் உளைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தமிழில் ஒரே சொல். வயிறு எரிவது அமிலத்தாலும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியாலும் இருக்கலாம். அகத்துறைப் பாடல்களில் தலைவியின் பிரிவுத் துயருக்கே நோய் என்றுதான் பெயர்.

ஆகவே சொல் இல்லை என்பது சரியல்ல. சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. மருந்துச் சீட்டில் ஒன்றுதான் ஏறுகிறது. காலப்போக்கில் நோயாளிக்கும் அந்த ஒன்றுதான் நினைவில் தங்குகிறது.

உகாண்டாவில் நடந்தது இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய பாடம். அங்கே தென்மேற்குக் கிராமங்களில் வேலை செய்யப்போன ஆராய்ச்சியாளர்கள், மேல்நாட்டு நோய்ப்பெயரைக் கொண்டுபோய் ஒட்டவில்லை. உங்கள் துன்பங்களை நீங்கள் என்ன சொல்லி அழைக்கிறீர்கள் என்று முதலில் கேட்டார்கள். தன்னைத்தானே வெறுத்தல், தன்மேல் தானே இரக்கப்படுதல் என்று பொருள்படும் இரண்டு உள்ளூர்ப் பெயர்கள் கிடைத்தன. அந்தப் பெயர்களிலேயே 2002ல் குழுக்கள் தொடங்கின. 30 கிராமங்கள், 15ல் ஆண்கள், 15ல் பெண்கள். நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல, இரண்டு வாரம் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், 16 வாரம். இழவு, சண்டை, வாழ்க்கை நிலையில் மாற்றம் என்று பேச்சு அவர்கள் வாழ்க்கையைச் சுற்றியே நடந்தது. முடிவில் குழுவில் இருந்தவர்களில் 6.5 சதவீதம் பேர்தான் மனச்சோர்வின் வரையறைக்குள் இருந்தார்கள். குழு இல்லாத கிராமங்களில் 54.7 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் இந்த முறைக்கு 2016ல் ஒரு கையேடு வெளியிட்டது.

5

நீண்டநாள் வலிக்கும் இது பலிக்குமா என்றால், அங்கே கணக்கு இவ்வளவு பிரகாசமாக இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டெட்ராய்ட் நகரத்தில் மார்க் லம்லியும் ஹோவர்ட் ஷூபினரும் உருவாக்கிய முறை, உணர்ச்சியை அறிவதையும் வெளிப்படுத்துவதையும் வலிக்குச் சிகிச்சையாக வைத்தது. உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 230 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் சிறு குழு, வாரம் ஒன்றாக 8 கூட்டம். ஒரு பிரிவுக்கு உணர்ச்சி வகுப்பு. ஒன்றுக்கு எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் வகுப்பு. ஒன்றுக்கு நோயைப் பற்றிய வெறும் தகவல் வகுப்பு. 2017ல் முடிவுகள் வந்தன. சராசரி வலி அளவில் உணர்ச்சி வகுப்பும் தகவல் வகுப்பும் பெரிதாக வேறுபடவில்லை. மனச்சோர்விலும் அன்றாட வாழ்க்கையிலும் உணர்ச்சி வகுப்பு மேலாக இருந்தது. வலி பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தவர்கள் உணர்ச்சி வகுப்பில் 22.5 சதவீதம், எண்ண வகுப்பில் 8.3.

அதாவது நான்கில் ஒருவருக்கும் குறைவு. மந்திரம் அல்ல. ஆனால் அம்மாவின் பையில் இருக்கும் சீட்டுகளில் எதுவும் அவள் வலியைப் பாதியாக்கவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் இதைப் படிக்கவேண்டும். வலி பற்றிய சர்வதேச சங்கம் 1979லேயே வலியைப் புலன் அனுபவம் என்றும் உணர்ச்சி அனுபவம் என்றும் சேர்த்தே வரையறுத்தது. 2020ல் வரையறையைத் திருத்தியபோதும் இரண்டையும் பிரிக்கவில்லை. எலும்பும் தேய்ந்திருக்கும், மனமும் நொந்திருக்கும். இதில் ஒன்று பொய் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

6

இந்த இடத்தில் தமிழ் வாசகர் ஒருவர், இதெல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது என்று எழுந்து நிற்பார். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் இருக்கிறதே என்பார். இருக்கிறது. உணர்ச்சிகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் சொல்கிறது. உணர்ச்சிக்கே மெய்ப்பாடு, மெய்யில் தோன்றுவது, என்று பெயர் வைத்தது டாம்கின்ஸுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. அழுகை பிறக்கும் இடங்களாக அது சொல்பவை: பிறர் இகழ்தல், இழப்பு, இருந்த நிலையிலிருந்து தாழ்தல், வறுமை.

அந்த நான்கையும் நான் தினம் நகைக்கடன் கவுண்டரில் பார்க்கிறேன். ஆனால் இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை. அந்த இயல் கவிதையை அறிவதற்காக எழுதப்பட்டது. அதைக் கொண்டு ஒரு பெண்ணின் இடுப்பு வலியை யாரும் கேட்டதில்லை. அகத்துறைப் பாடல்களிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. தலைவி மெலிவதைப் பார்த்துத் தாய் பயந்து வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். அது தப்பான சிகிச்சை. காரணம் தெரிந்தவள் தோழி ஒருத்திதான்; ஏனென்றால் தலைவி அவளிடம்தான் பேசியிருக்கிறாள். நம்முடைய ஆஸ்பத்திரிகளில் ஸ்கேனும் ஊசியும் பல நேரம் வெறியாட்டாக இருக்கின்றன. தோழிக்கு அங்கே இடமே இல்லை.

கிராமத்தில் பெண்கள் கூடிப் பேசுவது இல்லையா என்றும் கேட்கலாம். அரளி மொக்கு பறிக்கையில் பேசுகிறார்கள். இழவு வீட்டில் ஒப்பாரி வைத்து அழுகிறார்கள். நான் அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒப்பாரிக்குப் பிணம் வேண்டும். செத்துப்போகாத துக்கத்துக்கு அங்கே அனுமதி இல்லை. மொக்கு பறிக்கும் காட்டில் இருப்பவர்கள் எல்லோரும் பங்காளி, சம்பந்தி, கடன் கொடுத்தவள். அங்கே சொன்னது சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடும்.

அம்மா சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. இரண்டு முறை போர் போட்டும் தண்ணீர் வரவில்லை. அதற்காக வைத்த நாலரைப் பவுன், தாலிக்கொடி உட்பட, ஏலத்தில் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் இதை நகை முழுகிப் போச்சு என்பார்கள். அம்மா கவரிங் கொடி போட்டுக்கொண்டு ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். உறவில் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். இடுப்பு வலி, உட்கார முடியாது என்று காரணம். ஏல நோட்டீசைப் பழைய டிரங்குப் பெட்டியில் கண்டெடுத்தபோது அதன் தேதியையும் முதல் மருந்துச் சீட்டின் தேதியையும் நான் ஒப்பிட்டேன். நடுவில் மூன்று மாதம்.

இதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தேதிகளை ஒப்பிடுவது குமாஸ்தாவின் பழக்கம். ஆனால் அந்த மூன்று மாதத்தைப் பற்றி இத்தனை டாக்டர்களில் ஒருவரும் கேட்கவில்லை. மகனும் கேட்கவில்லை.

7

இவ்வளவும் படித்தபின் நான் செய்த முதல் காரியம் பிராட் செய்த தப்புதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்து, உணர்ச்சிகள் எத்தனை வகை, அவை உடம்பில் எப்படித் தெரியும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தாள். "உலை கொதிக்குது சாமி" என்று எழுந்து போய்விட்டாள்.

2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் எங்கள் வீட்டுக்கும் வருகிறாள். ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துப் போவாள். அவளிடம் அம்மா வாசற்படியில் பத்து நிமிஷம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். அவள் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். பத்து நிமிஷத்துக்குமேல் நிற்க முடியாது.

போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்க நான் வரிசையில் நின்றேன். அம்மா பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் வேறு ஊர்ப் பெண் ஒருத்தி, வெறும் மஞ்சள் கயிறோடு. எதற்கோ அவள், "என்னுது முழுகிப் போச்சுங்க்கா" என்றாள். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னுதும்தான்" என்றாள். அப்புறம் ரவிக்கைக்குள் இருந்த கவரிங் கொடியை வெளியே எடுத்துக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். பெயர் கூப்பிடும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் அம்மாவுக்கு இடுப்பு வலித்தது, வழக்கம்போல.

அதை வகுப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பெண் அடுத்த மாதம் வேறு நாளில் வரக்கூடும். வகுப்பு என்றால் அதே நாள், அதே எட்டுப் பேர், பேச்சை நடத்தத் தெரிந்த ஒருத்தி, இங்கே சொன்னது வெளியே போகாது என்ற வாக்கு. உகாண்டாவில் அந்த ஒருத்தியைத் தயார் செய்ய இரண்டு வாரம் ஆயிற்று. பாஸ்டனில் அறைக்கும் செலவுக்கும் ஒரு சர்ச்சிடம் போகவேண்டியிருந்தது. பனமரத்துப்பட்டியில் பெஞ்சு இருக்கிறது. மாத்திரைக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்கும் பெண்களும் இருக்கிறார்கள்.